படிப்பு ஏறாத பிள்ளைகள்

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது நான் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பெரியார் நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதுவரை 'லை', 'னை', 'ணை', 'ளை' நான்கும் தலையில் ஒரு சுழியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 'ணா', 'றா', 'னா' வகையறாக்கள் காலை உள்ளே மடக்கிக்கொண்டிருக்கும். ஆணை வந்ததும் எல்லாம் மற்ற எழுத்துகளோடு ஒரே வரிசைக்கு வந்துவிட்டன. பெரியார் 1935-லிருந்தே 'குடி அரசு' இதழில் இப்படித்தான் அச்சிட்டு வந்தார் என்றாலும், எங்கள் கை என்னவோ பழைய சுழியையே தேடியது.

எங்கள் பள்ளியில் ஒரு மூத்த தமிழாசிரியர் இருந்தார். கம்பனை எங்கே தொட்டாலும் அங்கிருந்து சொல்லிக்கொண்டே போவார். அவர் கரும்பலகையில் 'மலை' என்று எழுதப்போய், பழைய 'லை' விழுந்து, அழித்து, மறுபடியும் எழுதும்போது மறுபடியும் பழையதே விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். தலைமையாசிரியர், "ஐயா, கை பழகறதுக்கு ஆறு மாசம் ஆகும், மெதுவா வரட்டும்" என்றார். யாரும் அவரை மக்கு என்று சொல்லவில்லை. எனக்கே இன்றும் அவசரத்தில் வங்கிப் படிவத்தில் பழைய 'லை' விழுந்துவிடுகிறது. கவுன்ட்டரில் இருக்கிற பெண் அதை ஏதோ கல்வெட்டைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள்.

எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே இருக்கிற பாதை கொஞ்சம் மாறினால் படித்த மனிதருக்கே கை நிற்கும். அதற்கும் மூளைத் திறனுக்கும் சம்பந்தமில்லை. அந்தத் தமிழய்யாவுக்குக் கிடைத்த ஆறு மாசம், அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கும் கிடைத்ததில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. நல்ல டீச்சர் கையில் கொடுத்தால் திருந்தாத கையெழுத்தே உலகில் இல்லை என்று நம்பிய வயது. ஆசிரியப் பயிற்சியில் உளவியல் தாளில் என்ன மார்க் என்று யாராவது கேட்பார்களா என்று வேறு காத்துக்கொண்டிருப்பேன். இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்து செக்‌ஷனில் ஒரு பையன் இருந்தான். தாம்பரம் மார்க்கெட்டில் அவன் அப்பாவுக்குத் தேங்காய்க் கடை. சாயங்காலம் கடையில் அவன்தான் நிற்பான். நான் தேங்காயைத் தட்டிப் பார்த்துப் பையில் போடுவதற்குள் கணக்கும் மீதிச் சில்லறையும் என் கைக்கு வந்துவிடும். எந்தக் காய் அழுகல், எது முற்றல் என்று காதில் வைத்து ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவான். காலையில் வகுப்பில் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அந்தப் பையன் காணாமல் போய்விடுவான்.

அந்தக் காலத்தில் வாசிப்புப் பாடம் என்றால் ஆளுக்கு ஒரு வரி, எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். இவன் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவான். தன் முறைக்கு எந்த வரி வரும் என்று கணக்குப் போட்டு, அதைப் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வான். முறை வந்ததும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சொல்லிவிடுவான். வாத்தியார் நடுவில் யாரையாவது தாண்டிவிட்டால் போச்சு. வரி ஒன்று தள்ளிப்போயிருக்கும். இவன் அடுத்தவனுடைய வரியைத் தங்குதடையில்லாமல் படித்துவிட்டு அடி வாங்குவான். ஒரு வரியை ஏமாற்றுவதற்கு அவன் செலவழித்த மூளையை இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. அத்தனை வேலை பார்த்தவனுக்கு வைத்த பெயர் சோம்பேறி.

மூன்றாம் வகுப்பில் அவனுக்கு வாய்த்தவர் பிரம்பு வாத்தியார். இம்போசிஷன், முட்டி போடுதல், வெயிலில் நிற்க வைத்தல் எல்லாம் உண்டு. நான்காம் வகுப்பில் ஓர் அக்கா. குரலே உயராது. பையனைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. அவனை எழுந்து படிக்கச் சொல்வதை நிறுத்தினார். சாக்பீஸ் எடுத்து வருவது, பானையில் தண்ணீர் ரொப்புவது, மணி அடிப்பது எல்லாம் அவன் பொறுப்பாயிற்று. தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி எடுத்து வைப்பார். பையன் முகத்தில் களை வந்தது. அந்த வருஷம் அவன் ஒருநாள்கூட வயிற்றுவலி என்று வீட்டில் தங்கவில்லை. நான் சந்தேகமே இல்லாமல் அக்கா கட்சி. ஆசிரியர் ஓய்வறையில் அவருக்காகப் பரிந்து பேசி, பிரம்பு வாத்தியாருடன் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, உங்க அக்கா கிட்ட பையன் எத்தனை எழுத்து படிச்சான், அதைச் சொல்லு" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது அவனால் ரயில் நிலையப் பலகையில் 'தாம்பரம்' என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியவில்லை. அடித்தவரிடமும் அவன் படிக்கவில்லை, அணைத்தவரிடமும் படிக்கவில்லை. ஏழாவதில் நின்றுவிட்டான். கடையில் உட்கார்ந்தான். பிழைப்பு நன்றாகவே நடந்தது. ஆனால் லைசென்ஸ் புதுப்பிக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவான்.

இப்படி வாசிப்பு வராமல் போவதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது 1990-களில், ஒரு கோடை விடுமுறைப் பயிற்சி முகாமில். சொல் பழையதுதான். ஜெர்மனியில் ருடால்ஃப் பெர்லின் என்ற கண் மருத்துவர் 1887-லேயே அதை உருவாக்கிவிட்டார். என் மனசில் தைத்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து வந்த ஒரு குறிப்பு. இங்கிலாந்தில் சீஃபோர்டு என்ற கடலோர ஊரில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் இருந்தார். தம்மிடம் வந்த பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி 1896-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பையன் சூட்டிகை, விளையாட்டில் கெட்டி, கண்ணில் கோளாறு இல்லை. வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் வாசிப்பு வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். ஆனால் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது சட்டென்று சரியாகப் போட்டுவிட்டான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம்.

முகாமிலிருந்து வந்த ராத்திரி நான் அந்தப் பெருக்கலைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 6,49,383. எனக்கு ஒரு தடவை தப்பாக வந்து, அப்புறம்தான் சரியாக வந்தது. சீஃபோர்டு பையனும் தாம்பரம் மார்க்கெட் பையனும் பார்த்ததில்லை, பேசியதில்லை. நடுவில் எண்பது வருஷம், ஏழு கடல். இருந்தும் இருவருக்கும் ஒரே கதை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பேச்சு மனிதக் குழந்தைக்குத் தானாக வருகிறது. வாசிப்பு அப்படி வருவதில்லை. எழுத்து என்பதே சில ஆயிரம் வருஷத்துச் சமாசாரம். அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் பார்வைக்கும் ஒலிக்கும் இடையே புதிதாக ஒரு பாதை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது சீக்கிரம் படிந்துவிடும். சிலருக்குச் சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரிப்பதும், ஒவ்வொரு ஒலியையும் ஓர் எழுத்தோடு சேர்த்துப் பிடித்துவைப்பதும் சிரமம். முடிச்சூர்ப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று வழி கேட்பது மாதிரி, இந்தப் பிள்ளை நேற்றுப் படித்த சொல்லுக்கே இன்றும் முதலிலிருந்து வழி கேட்கிறது. கேட்டுக் கேட்டு வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. கண்ணைச் சோதித்தால் கண் சரியாக இருக்கும், காதும் சரியாக இருக்கும். அறிவில் குறை இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. இதற்கு மாத்திரை, டானிக் எதுவும் கிடையாது.

எல்லா மொழியிலும் இது ஒரே மாதிரி வெளியே தெரிவதில்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் பேசுகிற டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டு 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. மூவர் மூளையிலும் ஒரே இடத்தில்தான் இயக்கம் குறைவாக இருந்தது. ஆனால் இத்தாலியர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள். காரணம் அவர்கள் மொழியில் எழுதுவது போலவே படிக்கலாம். தமிழும் ஏறக்குறைய அந்தச் சாதிதான். அதனால் நம் வீட்டுப் பிள்ளை தமிழில் நொண்டி நொண்டியாவது நடக்கும், ஆங்கிலத்தில் விழுந்துவிடும். உடனே, "தமிழ் படிக்கிறானே, இங்கிலீஷ் மட்டும் ஏன் வரல? திமிரு" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

தமிழிலும் சிக்கல்கள் உண்டு. நாற்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற எனக்கே, வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளையின் விரலைப் பின்தொடர்ந்து போனபோதுதான் அவை கண்ணில் பட்டன. 'கெ' என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாய்க்கு முதலில் வருவது 'க்'. 'கொ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் காவல். 'கௌ' என்பதில் நிற்பது 'ள' இல்லை என்று யார் சொல்வது? துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் நடுவே ஒரு சின்னக் கீறல்தான் வித்தியாசம். 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே 'க'தான், காதுக்கு மூன்று விதம். இது போதாதென்று வீட்டில் பேசுவது 'வந்துக்கினு இருக்கான்', புத்தகத்தில் இருப்பது 'வந்துகொண்டிருக்கிறான்'. மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். இவர்கள் ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுகிறார்கள்.

ஓய்வு பெற்றுச் சேலையூரில் வீட்டோடு இருந்தபோது, மோட்டார் பழுது பார்க்க ஓர் எலெக்ட்ரீஷியன் வருவார். கெட்டிக்காரர். ஒயரைத் தொட்டுப் பார்க்காமலே எங்கே ஷார்ட் என்று சொல்வார். வேலை முடிந்ததும், "பில்லு நீங்களே எழுதிக்குங்க டீச்சர், எனக்குக் கையெழுத்து நல்லாருக்காது" என்பார். முதல் தடவை நம்பினேன். அடுத்த தடவை, வாங்கிவர வேண்டிய சாமான்களை எழுதாமல் மனசிலேயே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனதைப் பார்த்ததும் எனக்குத் தேங்காய்க் கடைப் பையன் ஞாபகம் வந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "என் பொண்ணு மூணாவது படிக்குது டீச்சர். எழுத்து நிக்கவே மாட்டேங்குது. எனக்கும் அப்படித்தான், படிப்பு ஏறல. அதுக்கு மட்டும் எங்கருந்து ஏறப்போவுது?"

"சாயங்காலம் கூட்டிட்டு வா தம்பி, பார்ப்போம்" என்றேன்.

வந்தாள். எண்ணெய் வைத்து வாரிய ரெட்டைப் பின்னல், கண்ணில் உஷார். "க கா கி கீ தெரியுமா கண்ணு?" என்றேன். சுவரில் மாட்டியிருந்த அட்டவணையில் விரலை வைத்து, ராகம் போட்டு ஒரு வரிசையைக் கடகடவென்று சொல்லி முடித்தாள். பலே என்று தோன்றியது. நடுவில் 'கு'வை மட்டும் காட்டி "இது என்ன?" என்றேன். விரலை மறுபடியும் 'க'வுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பாடிக்கொண்டே வந்து 'கு'வில் நின்றாள். பாட்டுத் தெரிந்திருக்கிறது, எழுத்து தெரியவில்லை. 247 எழுத்தையும் ஒரே அட்டையில் பார்த்தால் நமக்கு ஒழுங்கு தெரிகிறது. அந்தப் பிள்ளைக்கு அது ஒரு கோட்டைச் சுவர்.

அட்டவணையைக் கழற்றிப் பரணில் போட்டேன். ட, ப, ம மூன்று மட்டும். பெரும்பாலும் கோடுகளாகவே போட்டுவிடலாம். ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி, வாயால் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொன்னேன். அதற்கும் முன்னால் கைதட்டல். 'பட்டம்' என்றால் எத்தனை தட்டு, முதலில் என்ன சத்தம், அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று காதுக்கு வேலை. பிறகு படம், மடம், பட்டம், மட்டம். இந்த மூன்று எழுத்தும் எப்படிக் கலைத்துப் போட்டாலும் பிடிபட்ட பிறகுதான் நாலாவது எழுத்து. அப்புறம் துணைக்கால் ஒன்றை மட்டும் எடுத்து பா, மா, டா. கொம்பைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இல்லை. புதுப் பாடத்துக்கு முன்னால் தினமும் பழையது ஒரு சுற்று. பெரிய எழுத்துப் புத்தகம். அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டும். தப்பு வந்தால் "இல்ல" என்று சொல்லமாட்டேன், "காதால கேளு" என்பேன்.

இதெல்லாம் என் சொந்தச் சரக்கில்லை. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1930-களில் வகுத்துக்கொடுத்த வழி இது. கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசை தப்பாமல் போக வேண்டும். இன்றைய சிறப்புப் பயிற்சிகள் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் அந்த மணல் மட்டும் நம்முடையது. எழும்பூரில் ராணுவ ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் விடுதிக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் குதிரையில் போகும்போது நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் இது ஆகாத காரியம் என்று கைவிரித்துவிட்டார்கள். அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். அவன் மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக் காட்டிவிட்டான். பெல் ஊர் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. நாம் திண்ணையிலிருந்து பெருக்கித் தள்ளிய மணல், சிறப்புப் பயிற்சிச் சாமானாக விலை ஒட்டி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. என் தாம்பாளத்து மணல் பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியது. இலவசம்.

எலெக்ட்ரீஷியன் மகளுக்கு ஒரே மாசத்தில் எல்லாம் வந்துவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்ததெல்லாம் நழுவிப்போன வாரங்கள் உண்டு. இன்றும் அவள் மெதுவாகத்தான் படிக்கிறாள், எழுத்துப்பிழை நிறைய விடுகிறாள். ஆனால் படிக்கிறாள். அப்பாவோடு கடைக்குப் போனால் ஸ்விட்ச் பெட்டி மேல் இருப்பதை இவள்தான் படித்துச் சொல்கிறாளாம். "எனக்கும் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா டீச்சர்?" என்று அவர் கேட்டார். மணல் தாம்பாளத்தை அவர் பக்கம் தள்ளினேன். வெட்கப்பட்டு, நோட்டே போதும் என்றார்.

2007-இல் ஆமிர் கானின் 'தாரே ஜமீன் பர்' வந்த பிறகு, டிஸ்லெக்சியா என்ற சொல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல்வரை வந்துவிட்டது. நல்லதுதான். கூடவே ஒரு தொந்தரவும் வந்தது. இந்தப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஓர் ஓவியனோ விஞ்ஞானியோ ஒளிந்திருக்க வேண்டும் என்று பெற்றோர் தேட ஆரம்பித்தார்கள். ஒரு தாத்தா, பேரன் கிறுக்கின தாளையெல்லாம் எடுத்துவந்து என்னிடம் காட்டினார். பெரும்பாலான பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகள்தான். வாசிக்கக் கற்றுக்கொள்கிற உரிமைக்கு மேதையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் இல்லையே.

உதவி கேட்டுப் போக இப்போது இடம் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991-இல் தொடங்கப்பட்டது. தி. நகரில் அவர்கள் நடத்தும் 'அனன்யா' மையத்தில் பிள்ளை சில காலம் முறையாகப் பயிற்சி பெற்று, திரும்ப வழக்கமான பள்ளிக்கே போகலாம். ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தை நீந்திக் கடக்கிற தூரம்தான். ஆனால் தினக்கூலிக்காரருக்கு அது ஒருநாள் சம்பளம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள், அவர்களிடமும் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகள் உண்டு, வாரியத்துக்கு வாரியம் கொஞ்சம் மாறும். 2018-இல் வந்த வழிகாட்டு நெறி, எட்டு வயது ஆன பிறகுதான் அந்தச் சான்றிதழைத் தரச் சொன்னது. சின்னப் பிள்ளைகள் பலரும் எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள் என்பதால் அவசரப்படாமல் இருப்பது நியாயம். ஆனால் சான்றிதழுக்குத்தான் எட்டு வயது, பாடத்துக்கு இல்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒலி பிரிக்கத் தடுமாற்றம் என்று தெரிந்தால் அன்றைக்கே கைதட்டலை ஆரம்பிக்கலாம். குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் செய்யக்கூடியவை இன்னும் எளிது. எல்லோர் முன்னும் எழுந்து படிக்கச் சொல்லாதீர்கள். தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். பலகையைப் பார்த்து எழுதுவது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பாடு, எழுதிய தாளையே கையில் கொடுத்துவிடலாம். அறிவியல் விடைத்தாளில் அறிவியலுக்கு மார்க் போடுங்கள், எழுத்துப்பிழையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்ததை வாயால் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுங்கள். வயிற்றுவலி எப்போதும் டிக்டேஷன் இருக்கிற கிழமையிலேயே வந்தால், டாக்டருக்கு முன் காலண்டரைப் பாருங்கள்.

பிரம்பு வாத்தியாரும் அந்த அக்காவும் இப்போது இல்லை. அக்காவை நான் இன்றும் மதிக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் நிம்மதி கொடுப்பது லேசான காரியமில்லை. அந்த நிம்மதி இல்லாவிட்டால் எந்த முறையும் பலிக்காது. ஆனால் வாத்தியார் கேட்ட கேள்வி கசப்பானதென்றாலும் நியாயமானது. பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்து, கஷ்டமானதை அதன் கண்ணில் படாமல் மறைத்துவைப்பது ஒருவகை அன்பு. அந்தக் கஷ்டத்தைத் துண்டு துண்டாக உடைத்து, அது விழுங்கக்கூடிய அளவில் ஒவ்வொன்றாகக் கொடுப்பது இன்னொரு வகை. முதலாவது நமக்கு இயல்பாக வருகிறது. இரண்டாவதை உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு அது புரிய ஓய்வூதியம் வாங்கும் வயது ஆயிற்று. இளம் ஆசிரியர்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சாயங்காலம் பூங்காவில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசி முடித்ததும், தெருவில் படிப்பு ஏறவில்லை என்று பெயர் வாங்கிய பிள்ளை யாராவது இருந்தால் கூப்பிட்டு உட்காரவையுங்கள். மூன்று எழுத்து, இருபது நிமிஷம். அதற்கு மேல் அன்றைக்கு ஆசைப்படக் கூடாது. மறுநாளும் அதே மூன்று எழுத்தோடு அதே இடத்தில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்மிடம் நேரம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியதில் பாதி அதுதான். மிச்சப் பாதி முறை. அதைக் கற்றுக்கொள்ள நமக்கு இன்னும் வயதாகிவிடவில்லை.